கிள்ளான் இருப்புப்பாதையும் தோட்டத் தொழிலாளரும்

(பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நாம் இன்று கூடியிருக்கும் பெட்டாலிங் ஜெயா, வானளாவிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த மாநகரமாகும். 2006ஆம் ஆண்டில் இதற்கு மாநகர் எனும் தகுதியும் வழங்கப்பெற்றது. ஆயினும் 1952ஆம் ஆண்டு வரை இவ்விடம் எவ்வாறு இருந்தது என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியமாட்டார்கள். எஃபிங்ஹாம் தோட்டம் எனும் பெயருடன், ஏறத்தாழ 1,200 ஏக்கர் பரப்பில் இங்கே ரப்பர் மரங்கள் நின்றன. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக மரம் வெட்டச் சென்ற நம்மவர் நடந்த மண்ணே இன்று தார்ச் சாலையாக மாறியிருக்கின்றது.

இந்த மாற்றத்தின் அருகில், எல்லாவற்றையும் பார்த்தவாறு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கும் ஒன்று உண்டு. அதுதான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை செல்லும் இருப்புப்பாதை. நம் முன்னோர் அதனைக் "கம்பிச் சடக்கு" என்றனர். அப்பாதையின் வரலாற்றையும், அது இயங்கும் முறையையும், அதற்கும் நமக்கும் உள்ள உறவையும் எடுத்துரைப்பதே என் நோக்கமாகும்.

ஈயத்திற்காகப் பிறந்த பாதை

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சிலாங்கூரின் செல்வம் ஈயமே. கோலாலம்பூரைச் சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஆனால் வெட்டியெடுத்த ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வது பெரும்பாடாக இருந்தது. கிள்ளான் ஆறு வளைந்து நெளிந்து ஓடுவது. படகுகள் அதன் வழியே மேலேறி வர நாட்கணக்காகும். டாமன்சாரா வரை படகில் வந்து, அங்கிருந்து சேறும் பள்ளமுமான வழியில் மாட்டுவண்டியில் செல்வோரும் உண்டு. மழை பெய்தால் வண்டிச் சக்கரம் மண்ணில் புதையும், விற்பனை தாமதமாகும், முதலாளியின் கணக்கு தடுமாறும்.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 8 மைல்தான். அடுத்த ஆண்டே சிலாங்கூர் தன் பாதையைத் திறந்தது. 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை, ஏறத்தாழ 20 மைல் தொலைவுக்குப் புகைவண்டி ஓடியது. அதில் பயணம் செய்த சுல்தான் அப்துல் சமாட் அவர்கள், தாம் ஏறிய மாட்டுவண்டிகளுள் இதுவே மிகச் சிறந்தது என்று நகைச்சுவையாகக் கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. மாட்டுவண்டியையும் படகையும் தவிர வேறு ஊர்தி காணாத காலத்தில், அப்புதுமை எத்துணை வியப்பை விளைவித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

புக்கிட் கூடாவில் ஆறு குறுக்கிட்டது. எனவே சில ஆண்டுகள் பயணிகளும் சரக்கும் அங்கே இறங்கிப் படகேற வேண்டியிருந்தது. 1890ஆம் ஆண்டில் கன்னாட் பாலம் கட்டி முடிக்கப்பட்டதும் வண்டி கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1899ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் பாதை கழிமுகம் வரை நீட்டப்பட்டது. அங்கே எழுந்த துறைமுகம் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டு, போர்ட் சுவெட்டன்ஹாம் எனப் பெயர் பெற்றது. 1972ஆம் ஆண்டு முதல் நாம் அதனைக் கிள்ளான் துறைமுகம் என வழங்கி வருகின்றோம்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தைப்பிங்–போர்ட் வெல்ட், கோலாலம்பூர்–கிள்ளான், 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான்–போர்ட் டிக்சன் ஆகிய தொடக்ககாலப் பாதைகள் மூன்றும் ஒரே நோக்கம் உடையவை. சுரங்கத்தில் தொடங்கிக் கடலில் முடிந்தன. ஊரையும் ஊரையும் இணைப்பதற்காக அவை போடப்படவில்லை. பொருளைக் கப்பலில் ஏற்றுவதற்காகவே போடப்பட்டன. வடக்கே பிறை முதல் தெற்கே சிரம்பான் வரை தலைமைப்பாதை 1903ஆம் ஆண்டில் இணைந்த பின்னர்தான், கிள்ளான் பாதை அதன் கிளைப்பாதையாயிற்று. முதலில் பிறந்தது கிளை. பின்னர் வளர்ந்தது அடிமரம்.

யார் கைகள்?

இப்பாதைக்காகக் காடு வெட்டியும், சதுப்பு நிலத்தில் மண் கொட்டியும் உழைத்தோருள் சீனர், தமிழர், மலாய்த் தீவுகளிலிருந்து வந்தோர் எனப் பலரும் இருந்தனர். பாதையைப் பேணிக் காக்கும் பணியோ, காலப்போக்கில் பெரிதும் தென்னிந்தியத் தமிழர் கைக்கே வந்து சேர்ந்தது. நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். இலங்கையில் பொறியாளராகப் பணியாற்றிவிட்டு 1891ஆம் ஆண்டில் சிலாங்கூருக்கு வந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர், 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வேயின் தலைமை நிர்வாகியானார். அவர் காலத்தில் இலங்கைத் தமிழரின் வருகை பெருகிற்று.

கோலாலம்பூரில் அவர்கள் குடியிருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். நகரைக் கட்டுவதற்கான செங்கல் சுட்ட சூளைகள் இருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. அங்கே இரயில்வேயின் சரக்குப் பெட்டிகள் பிரித்துச் சேர்க்கப்படும் பெரும் திடலும், ஊழியர் குடியிருப்புகளும் அமைந்தன. கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமமும் அங்கே எழுந்தன. செந்தூலில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை அமைந்ததும், அதனைச் சுற்றியும் தமிழர் குடியிருப்பு வளர்ந்தது. இவ்வாறு, இரும்பும் கரியும் இருந்த இடங்களிலெல்லாம் நம் மொழியும் வழிபாடும் வேரூன்றின.

உழைத்தவர்களுக்கு நேர்ந்த துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. 1901ஆம் ஆண்டில் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வீழ்த்தியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகின்றது என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கண்டுபிடிப்பை நம்பி, கிள்ளான் மருத்துவ அதிகாரியாக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்தும் கரையிட்டும் கொசுவின் பிறப்பிடத்தை அழிக்கச் செய்தார். காய்ச்சல் விரைந்து தணிந்தது. பின்னர் அவர் அம்முறையை ரப்பர்த் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றார். இன்றும் நம் லயத்தின் பின்புறம் ஓடும் வடிகாலைத் தூய்மையாக வைக்குமாறு சுகாதார அதிகாரி சொல்லும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் இத்தனை உயிர்களின் வரலாறு இருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ரப்பர் ஏறிய வண்டி

ஈயத்திற்காகப் போடப்பட்ட பாதை ரப்பரால் செழித்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கிள்ளான் வட்டாரம் எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நிலம் தாழ்வானது, துறைமுகம் அருகில், வண்டியோ வாசலில். தோட்ட முதலாளிகளுக்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? 1910ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கிற்கும் மேல் விலை போயிற்று.

புகைக்கூண்டில் உலர்ந்த ரப்பர்த் தகடுகள் பொட்டலமாகக் கட்டப்பட்டு, மாட்டுவண்டியில் அருகிலுள்ள நிலையத்துச் சரக்குக் கொட்டகைக்குச் சென்றன. அங்கிருந்து சரக்குப் பெட்டியில் ஏறித் துறைமுகக் கிடங்கை அடைந்து, கப்பல் வழியே உலகெங்கும் சென்றன. காலையில் நம் தாயொருத்தி மங்கில் நிரப்பிய பால், சில மாதங்களில் எங்கோ ஒரு நாட்டில் வண்டிச் சக்கரமாக உருண்டது.

சரக்கு மட்டுமா சென்றது? ஆட்களும் வந்தனர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் ஆட்களை இறக்கின. நம் பாட்டன்மாருள் பலர் இந்நாட்டில் முதன்முதலாக ஏறிய ஊர்தி, துறைமுகத்திலிருந்து தோட்டத்தை நோக்கிச் சென்ற புகைவண்டியே ஆகும். அவர்களுக்கு அது உல்லாசப் பயணம் அன்று. எங்கே செல்கின்றோம் என்பதையே அறியாத பயணம்.

ரப்பர் விலை ஏறியபோது இப்பாதை ஆட்களைக் கொண்டு வந்தது. விழுந்தபோது கொண்டு சென்றது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டபோது, 12 ஷில்லிங் விற்ற பவுண்டு 1932இல் இரண்டு பென்னிக்கும் கீழே இறங்கிற்று. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. பெருந்தொகையான தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வேண்டும்போது இறக்குமதி, வேண்டாதபோது ஏற்றுமதி என்று மனிதனும் சரக்கைப் போலவே கணக்கிடப்பட்ட காலம் அது.

அதனினும் கொடிய பயணம் ஒன்றும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான இருப்புப்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அதற்காகக் கொண்டு செல்லப்பட்டனர். காற்றோட்டமற்ற சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவர்கள் வடக்கே சென்றனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பாதை முடிந்தது. சென்றவர்களுள் பலர் திரும்பவில்லை. பசியும் காலராவும் மலேரியாவும் அவர்களைக் கொண்டு போயின. அப்போரின்போது தாம்பின்–மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. நம் தோட்டங்களில் இன்னும் சில குடும்பங்கள், சயாமுக்குப் போய் வராதவர் பெயரைச் சொல்லிப் படையலிடுவதுண்டு. அவர்களுக்கு இவ்வேளையில் நம் தலை தாழ்ந்த வணக்கம் உரியதாகும்.

பாதை இயங்கும் முறை

இனி, வண்டி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது காண்போம்.

நம் நாட்டு இருப்புப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். அகலம் குறைந்தால் வளைவுகளை எளிதில் அமைக்கலாம், செலவும் குறையும். ஏற்றம் இருப்புப்பாதைக்குப் பகை. இரும்புச் சக்கரம் இரும்பின் மீது வழுக்கும் தன்மை உடையது. ஆகவேதான் கிள்ளான் பாதை மேட்டைத் தவிர்த்து, ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கின்றது.

முன்னாளில் தண்டவாளங்கள் துண்டு துண்டாக இணைக்கப்பட்டன. இணைப்பில் சிறு இடைவெளி விடுவார்கள். அது ஏன்? வெயிலில் இரும்பு நீளும். 12 மீட்டர் நீளமான தண்டவாளம், 30 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். இடைவெளி இல்லையேல் தண்டவாளம் நெளிந்து வண்டி கவிழ்ந்துவிடும். பழைய வண்டிகளில் "தடக், தடக்" என்று நாம் கேட்ட ஓசை, சக்கரம் அவ்விடைவெளியைக் கடக்கும் ஓசையே ஆகும்.

அப்பாதையைப் பேணியவர்கள் தண்டவாளக் கூட்டத்தார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் குறிப்பிட்ட மைல் தொலைவு பொறுப்பாகும். கங்காணியின் தலைமையில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு, சிலிப்பர் கட்டைகளின் அடியில் சல்லிக்கல்லை இடித்துச் செறிப்பார்கள். ஒருவர் நாள்தோறும் பாதை நெடுக நடந்து, ஆணியும் திருகும் தளர்ந்துள்ளனவா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மழையானாலும் வெயிலானாலும் அந்நடை நிற்காது. பெட்டிக்குள் உறங்கிச் சென்ற பயணியின் உயிர், பெயர் தெரியாத அத்தொழிலாளியின் காதையும் கையையும் நம்பியிருந்தது.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் மோதாமல் காப்பது எங்ஙனம்? அதற்கென ஏற்பட்டதே டோக்கன் முறை. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கனைத்தான் எடுக்க இயலும். அதனை வளையத்தில் பொருத்தி, நிலைய அதிகாரி வண்டி ஓட்டுநரிடம் கொடுப்பார். டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் நிலையத்தை விட்டு நகரக்கூடாது. அடுத்த நிலையத்தில் அதனை ஒப்படைத்துப் பெட்டியில் போட்ட பின்னரே மற்றொரு டோக்கன் வெளிவரும். பெரட்டில் பெயர் பதியாதவருக்கு அன்று நிரை இல்லாதது போல, டோக்கன் பெறாத வண்டிக்குப் பாதை இல்லை. கைகாட்டி மரம் தாழ்ந்தால் செல்லலாம் அல்லது நிற்க வேண்டும் என்பதெல்லாம் இம்முறையோடு இணைந்தவையே.

நீராவி இயந்திரங்களுக்குப் பதிலாக 1950களின் பிற்பகுதியிலிருந்து டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. இன்று கிள்ளான் பாதை இரட்டைத் தடமாகவும் மின்பாதையாகவும் விளங்குகின்றது. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகின்றது. வீட்டு விளக்கில் ஓடுவதைப் போல் அது நூறு மடங்கிற்கும் மேலாகும். எனவே தாய்மார்களே, பிள்ளைகளைப் பாதையோரத்தில் பட்டம் விடவோ, தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவோ ஒருபோதும் அனுமதியாதீர்கள். மின்வண்டி ஓசை குறைந்தது, விரைவு மிகுந்தது. ஓசை காதில் விழும்போது ஓடித் தப்ப நேரமிராது. மேம்பாலத்தில் ஏறி இறங்கும் சிரமம் உயிரினும் பெரிதன்று.

பொருளுக்குப் பின் மனிதன்

நாடு விடுதலை பெற்ற பின்னர்க் கூட்டரசு நெடுஞ்சாலை அமைந்தது. லாரிகளும் பேருந்துகளும் பெருகின. ரப்பர்ப் பொட்டலங்கள் தோட்டத்து வாசலிலேயே லாரியில் ஏறின. பயணிகளும் பேருந்தை நாடினர். ஒரு காலத்தில் நாட்டின் செல்வத்தைச் சுமந்த பாதை, ஓரத்தில் புல் முளைக்கப் பொறுமையுடன் காத்திருந்தது.

1992ஆம் ஆண்டில் இரயில்வே, கே.டி.எம். எனும் நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டில் கொமுட்டர் மின்வண்டி ஓடத் தொடங்கியது. கிள்ளான் பாதைக்கு அது மறுபிறவியாகும். 2001ஆம் ஆண்டில், பழைய பிரிக்பீல்ட்ஸ் சரக்குத் திடல் இருந்த இடத்திலேயே கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து அங்காசாபுரி, பந்தாய் டாலாம், பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர், செத்தியா ஜெயா, சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, கிள்ளான் என நிலையங்கள் தொடர்ந்து, கடற்கரையில் பாதை முடிகின்றது. 2010ஆம் ஆண்டு முதல் மகளிருக்கெனத் தனிப் பெட்டியும் உண்டு. அதே ஆண்டில் பத்துமலைக் கிளைப்பாதையிலும் மின்வண்டி ஓடத் தொடங்கியமையால், கிள்ளானில் ஏறுபவர் இடையில் வண்டி மாறி முருகன் சந்நிதி வரை இருப்புப்பாதையிலேயே செல்லலாம். சரக்கு வண்டிகள் அறவே நின்றுவிடவில்லை. ஈப்போ போன்ற இடங்களிலிருந்து கொள்கலன்கள் இன்றும் இப்பாதை வழியே துறைமுகத்திற்குச் செல்கின்றன. ஆயினும் பெட்டிகளை நிறைப்போர் இப்போது மாணவரும் தொழிலாளரும் அலுவலகப் பணியாளருமே.

பாதை போட்டாலே போதாது, மக்கள் அதனைப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. சுபாங் ஜெயாவிலிருந்து பிரிந்து சுபாங் விமான நிலையத்திற்குச் செல்லும் கிளைப்பாதையில் 2018ஆம் ஆண்டு மே மாதம் பயணிகள் வண்டி தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அச்சேவை நிறுத்தப்பட்டது. ஏறுவார் இல்லாத வண்டி எத்துணை அழகாயினும் நிலைப்பதில்லை.

பாதை நமக்குக் கூறுவது

அன்பர்களே, இப்பாதை நமக்கு இரண்டு உண்மைகளைக் கூறுகின்றது.

முதலாவது, இருப்புப்பாதையும் சாலையும் வரும் இடத்தில் நிலம் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும். எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் 1976ஆம் ஆண்டு முதல் சுபாங் ஜெயா எழுந்தது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் எழுந்த ஷா ஆலாம், 1978ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகராயிற்று. நாட்டின் வளர்ச்சிக்கு இவை தேவையே, மறுப்பாரில்லை. ஆனால் தோட்டம் நகரமானபோது, லயத்தில் வாழ்ந்தோர் எல்லாரும் நகரவாசிகள் ஆகிவிடவில்லை. வீடும் வேலையும் ஒரே நாளில் இழந்து, இருப்புப்பாதை ஓரத்திலேயே பலகைக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் உண்டு. எந்தப் பாதையைத் தந்தை செப்பனிட்டானோ, அந்தப் பாதையின் ஓரத்தில் மகன் குடியேறியவனாக நின்ற நிலை நம் நெஞ்சைச் சுடுகின்றது.

எனவே தோட்டம் விற்கப்படும் நாள் வரும் வரை வாளாவிருத்தல் தகாது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமநிதிக் கணக்கு ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று இன்றே பாருங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்படும் தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள் இழப்பீடு வகுத்துள்ளன. குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பணியாற்றியவருக்கே அது உரியது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம்; 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள்; 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். தோட்டம் கைமாறும்போது, புதிய உரிமையாளர் 7 நாட்களுக்குள், முன்னைய நிபந்தனைகளுக்குக் குறையாத வகையில் உங்களை வேலையில் வைத்துக்கொள்ள முன்வர வேண்டும். இல்லையேல் அவ்விழப்பீடு உங்களுக்கு உரியதாகும். தக்க காரணமின்றி அவர் தரும் வேலையை மறுத்தாலோ இழப்பீடு கிட்டாது. புரியாத தாளில் கைநாட்டு இடாதீர்கள். தொழிலாளர் இலாகாவிடமோ உங்கள் தொழிற்சங்கத்திடமோ கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

இரண்டாவது உண்மை இதுவாகும். இப்பாதை முதலில் ஈயத்தை ஏற்றிற்று. பின்னர் ரப்பரை ஏற்றிற்று. நம் மக்களைச் சரக்குபோல் ஏற்றிய காலமும் இருந்தது. இன்றுதான், சீட்டு வாங்கியவர் எவராயினும் தாம் விரும்பிய ஊருக்குத் தம் விருப்பப்படி செல்லும் பாதையாக அது இருக்கின்றது. இந்த வாய்ப்பைப் பெற நமக்கு நூறு ஆண்டுக்கும் மேலாயிற்று. அதனைக் கைநழுவ விடலாமா?

உங்கள் பிள்ளைகளை இவ்வண்டியில் ஏற்றுங்கள். பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் அவர்களைப் பால் வாளி தூக்க அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். தொழிற்பயிற்சிக் கூடங்களில் மின்சாரமும் இயந்திரமும் கற்கட்டும். மின்வண்டி ஓட்டுவதற்கும், சமிக்ஞைகளைப் பராமரிப்பதற்கும், தண்டவாளத்தைக் கருவிகளால் ஆராய்வதற்கும் இன்று கற்றவர்கள் வேண்டும். சுத்தியலால் தட்டிப் பாதையைக் காத்தவரின் பேரன் அறிவால் அதனைக் காப்பானாயின், அதனினும் பொருத்தமான கைம்மாறு வேறு எது?

வீடு திரும்பும்போது உங்களுள் பலர் பெட்டாலிங் நிலையத்தில் வண்டியேறுவீர்கள். அப்போது ஒரு கணம் தண்டவாளத்தை உற்று நோக்குங்கள். பக்கத்தில் நிற்கும் மகனிடமோ மகளிடமோ, "இந்தக் கம்பிச் சடக்கில்தான் உன் பாட்டன் வந்தார், இனி நீ எங்கே போக வேண்டும் என்பதை நீயே முடிவு செய்" என்று கூறுங்கள்.